ராணிக்கும் மாமியாருக்கும் ஒரே வாய்

தொண்டையைக் காப்பாற்றப் போய்ப் பல்லைப் பறிகொடுத்தவள் செண்பகவடிவு. நாடகத்தில் இருந்த பெண்களுக்கு இது புதிதல்ல. வசனம் கடைசி வரிசைவரை போய்ச் சேர வேண்டும், பாட்டு அதற்கு மேலும் போக வேண்டும். தொண்டை கட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு கன்னத்தில் பனங்கற்கண்டு, மறு கன்னத்தில் அதிமதுரத் துண்டு என்று அடக்கிக்கொள்வார்கள். வேஷம் கலைத்த பிறகு வெற்றிலை, புகையிலை. அப்படியே வாயைக் கொப்பளிக்காமல் பஸ்ஸில் சாய்ந்து தூங்கி ஊர் வந்து சேருவார்கள். ராத்திரி முழுக்க இனிப்பு ஊறிக் கிடக்கிற வாயில் பல் எத்தனை நாள் நிற்கும்? வடிவுக்கு முப்பது வயதில் கடைவாய்ப் பல் சொத்தையானது. முப்பத்தைந்தில் முன்பல் ஆடத் தொடங்கியது.

அவள் பிறந்தது தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே மேலகரத்தில். அப்பா நாடகக் கொட்டகையில் சீன் இழுப்பவர். அரண்மனை சீனை இறக்கிக் காட்டு சீனை ஏற்றுகிறவரின் மகள், அந்த அரண்மனைக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள், அவ்வளவுதான். ஐம்பதுகளின் தொடக்கத்தில் தென்காசி, செங்கோட்டை, புளியங்குடிப் பக்கம் ராணி வேஷம் கட்ட ஸ்த்ரீபார்ட் வேண்டுமென்றால் வடிவைத்தான் முதலில் கேட்பார்கள். நல்ல உயரம், எடுப்பான மூக்கு. குரல் மட்டும் உடம்பைவிடப் பெரியது.

அவள் நடித்தது ஸ்பெஷல் நாடகம். கம்பெனி நாடகம் மாதிரி எல்லோரும் ஒரே இடத்தில் தங்கி ஒத்திகை பார்ப்பது இதில் கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், பபூன் ஓர் ஊர், ஸ்த்ரீபார்ட் ஓர் ஊர். ஏஜெண்டு ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய்த் தாம்பூலத் தட்டைக் கொடுத்து நாளைச் சொல்லிவிட்டு வருவார். தட்டு கைமாறிவிட்டால் பேச்சு முடிந்தது. கொடுத்தவரும் பின்வாங்க முடியாது, வாங்கியவரும் பின்வாங்க முடியாது. அன்று மாலை ஓலைத் தடுப்புக்குப் பின்னால் அரிதாரம் பூசும்போதுதான் இன்றைக்கு ராஜா யார், ராணி யார் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். வசனம் எல்லோருக்கும் பாடம். மேடையில் மோதிக்கொள்ளாமல் நின்றால் போதும்.

அந்தத் தொழிலில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. ஒரு தடவை கிழவி வேஷம் கட்டியவளுக்கு மறுபடி ராணி வேஷம் கிடையாது. ஜனங்கள் ஒப்ப மாட்டார்கள் என்று காரணம் சொல்வார்கள். ஜனங்களை யாரும் கேட்டதில்லை. ஏஜெண்டுகள் ஒப்பவில்லை, அதுதான் உண்மை. பாவூர்சத்திரத்துக்காரி ஒருத்தி, ஆள் வரவில்லையே என்று ஒரு நாள் அவசரத்துக்கு நரைமுடி வைத்து நின்றாள். அதற்குப் பிறகு அவளுக்குக் கடைசிவரை நரைமுடிதான். அப்போது அவளுக்கு இருபத்தெட்டு வயது.

ஆகவே பல் ஆட ஆரம்பித்ததும் வடிவுக்கு வலியைவிட இந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது. புருஷன் நாறும்பூநாதனிடம்கூட முதலில் சொல்லவில்லை. அவர் அத்தை மகன், நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசிப்பவர். பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிறவருக்கு ஸ்வரம் எங்கே நழுவுகிறது என்று தெரியாமல் போகுமா? அவரே ஒரு நாள் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அங்கே நர்ஸ் ஜெபமலர் ஈறை விரலால் அமுக்கிப் பார்த்தார். சீழ் வந்தது.

"இந்தப் பல்லை வச்சுக்கிட்டு இருக்கதுக்கு இல்லாமலே இருக்கலாம். தினமும் இந்தச் சீழைத்தான முழுங்குதீய? எடுத்துருங்க."

குரல் போய்விடாதா என்று வடிவு கேட்டாள்.

"குரலு தொண்டையில இருக்கு. பல்லுல இல்ல."

அது முக்கால்வாசி உண்மை. மீதிக் கால்வாசியை வடிவு பிறகு தானே கண்டுகொண்டாள். மேல்வரிசை முழுவதையும் எடுத்தார்கள். அக்காவின் பிரசவத்துக்குப் போகிறேன் என்று ஊரில் சொல்லிவிட்டு மதுரைக்குப் போய்ச் சீனாக்காரப் பல் டாக்டரிடம் பல்செட்டு கட்டிக்கொண்டாள். அந்த டாக்டர் நம்மைவிட நன்றாக மதுரைத் தமிழ் பேசுவார். ஈறு ஆறி இறுகும்வரை அங்கேயே உறவினர் வீட்டில் இருந்துவிட்டு, பழைய முகத்தோடு திரும்பி வந்தாள். விஷயம் தெரிந்தவர்கள் புருஷன், ஜெபமலர், பக்கத்து வீட்டு ஹாஜரா பீவி, அவ்வளவு பேர்தான்.

புதுப் பல்லோடு பேசப் பழகுவது லேசான காரியமில்லை. 'ச' வருகிற இடத்திலெல்லாம் சீழ்க்கை வந்தது. நாறும்பூநாதன் ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு எதிரே உட்காருவார். அவள் ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வாள். சீழ்க்கை வந்தால் அவர் கட்டையை அமுக்கி அதே ஸ்வரத்தை வாசித்துக் காட்டுவார். அவள் கையில் கிடைத்ததை எடுத்து எறிவாள். ஏஜெண்டு தளவாய் ஒரு நாள், "என்ன வடிவு, வாய்க்குள்ள வண்டு பூந்துட்டா?" என்று கேட்டார். வெற்றிலைக் காம்பு மாட்டிக்கொண்டது என்றாள். ஆறு மாதத்தில் சீழ்க்கை போயே போய்விட்டது. பழையபடி ராணி.

திருநெல்வேலியில் ரேடியோ நிலையம் வந்த மறு வருஷம். ஹாஜரா பீவியின் வீட்டுக்காரர் பீர் மைதீனின் ஜவுளிக் கடையில் ரேடியோ உண்டு. நாடகத்துக்குக் குரல் தேர்வு நடக்கப் போவதாக நாறும்பூநாதன் அங்கே கேட்டுவிட்டு வந்து, வடிவின் பெயரை எழுதிப் போட்டுவிட்டார். ஆனி மாதம், நல்ல சாரல், குற்றாலத்தில் கூட்டம். தேர்வு வியாழக்கிழமை என்று பதில் வந்தது. அந்தச் சனிக்கிழமை குற்றாலத்துத் தகரக் கொட்டகையில் தளவாயின் நாடகம், வடிவு ராணி. இரண்டுக்கும் நடுவே ஒரு நாள் இருக்கிறதே, தாராளமாகப் போதும் என்றுதான் அவள் நினைத்தாள்.

புதன்கிழமை காலையில் ஹாஜராவின் நாத்தனார் குடும்பம் புனலூரிலிருந்து வந்து இறங்கியது. வந்தவர்களை அருவிக்குக் கூட்டிப்போகாமல் அனுப்ப முடியுமா? குதிரை வண்டி பிடித்துப் பெண்கள் எல்லோரும் பேரருவிக்குப் போனார்கள். வடிவும் போனாள். அருவிக்குள் தலையைக் கொடுக்கும்போது வாயை இறுக்க மூடிக்கொள்வது அவள் வழக்கம். பல்செட்டைக் கழற்றி முந்தியில் முடிந்துகொண்டால் நிம்மதியாகக் குளிக்கலாம். ஆனால் பெண்கள் பக்கத்து நெரிசலில் தெரிந்தவள் ஒருத்தி பொக்கை வாயைப் பார்த்துவிட்டால், அன்று மாலையே செய்தி தளவாய் காதுக்குப் போய்விடும்.

குளித்துக்கொண்டிருக்கும்போது தண்ணீரின் நிறம் மாறுவதை வடிவு பார்த்தாள். செம்மண் கலங்கல். கூடவே சருகும் சுள்ளியும் தலையில் விழுந்தன. மேலே மலையில் கொட்டிவிட்டது, இன்னும் கொஞ்ச நேரத்தில் வெள்ளம் வரும் என்று மேலகரத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். புனலூரிலிருந்தும் மதுரையிலிருந்தும் குளிக்க வந்தவர்களுக்குத் தெரியாது. அவர்கள் தலையை நிமிர்த்திச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு பேர் சொல்லிப் பார்த்தார்கள், அருவிச் சத்தத்தில் யார் காதிலும் ஏறவில்லை.

வடிவு கொட்டகைக் குரலில் கத்தினாள். "தண்ணி வருது. எல்லாரும் வெளிய வாங்க."

அத்தனை பேர் காதிலும் விழுந்தது. தள்ளிக்கொண்டு எல்லோரும் வெளியே வந்தார்கள். வந்த கொஞ்ச நேரத்தில், அவர்கள் நின்ற இடத்தையெல்லாம் மூடிக்கொண்டு அருவி விழுந்தது. இதில் பெரிய வீரம் ஒன்றுமில்லை. தெரிந்தவள் சொன்னாள், குரல் இருந்தவள் கத்தினாள். ஆனால் வாயைத் திறந்த அந்த வேகத்தில், மேலிருந்து இறங்கிய தண்ணீர் பல்செட்டைத் தட்டிக்கொண்டு போய்விட்டது. அவள் கரைக்கு வந்து வாயைத் தொட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஹாஜரா அவள் முகத்தைப் பார்த்தாள், தன் துப்பட்டியை எடுத்து அவள் வாய்வரை மூடினாள்.

"குளிருதுன்னு சொல்லு. வேற ஒண்ணும் பேசாத. வண்டியில ஏறு" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் வடிவு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். புதுச் செட்டு கட்ட மதுரைக்குப் போனால் ஒரு மாதமாவது ஆகும். சனிக்கிழமை பொக்கை வாயோடு ராணியாக நிற்க முடியாது. தளவாய் பார்த்தால், அடுத்த தட்டு கிழவி வேஷத்துக்குத்தான் வரும். வேண்டாம் என்று சொன்னால் எந்தத் தட்டும் வராது. இருபது வருஷமாக மேடையைத் தவிர வேறு வேலை தெரியாதவள் அவள். நாறும்பூநாதன் விளக்கேற்றி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். சனிக்கிழமையைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

அவர் பார்த்துக்கொண்ட விதம் இதுதான். மறுநாள் விடிந்ததும் தளவாயிடம் போய், வடிவுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்திருக்கிறது, முகம் பூசணி மாதிரி இருக்கிறது, வேண்டுமானால் வந்து பார்க்கலாம் என்றார். வளர்ந்த ஆண்பிள்ளைக்கு அது ஒட்டிக்கொண்டால் தாடையோடு நிற்காது, கீழேயும் இறங்கி வீங்கும் என்பது எல்லோரும் அறிந்தது. தளவாய் இரண்டு அடி பின்னால் நகர்ந்து, நல்லா ஓய்வெடுக்கச் சொல்லும் வே என்றார். சனிக்கிழமை ராணிக்கு ராஜபாளையத்திலிருந்து ஆள் வரவழைத்துக்கொண்டார். ஒரு மாதம் அந்தத் தெருப்பக்கம் அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அன்றைக்கே ரயிலேறி இரண்டு பேரும் திருநெல்வேலிக்குப் போனார்கள். வடிவு வரமாட்டேன் என்றுதான் சொன்னாள். ரேடியோவில் யார் வாயைப் பார்க்கப் போகிறார்கள் என்று நாறும்பூநாதன் கேட்டார். பார்க்க வேண்டாம், கேட்டாலே தெரியுமே என்றாள். கடையம், அம்பாசமுத்திரம் எல்லாம் தாண்டும்வரை சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, வாயில் இல்லாத பல்லோடு 'ச' சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். சேரன்மகாதேவி வந்தபோது நிறுத்திவிட்டாள்.

நிலையத்தில் நாடகம் பார்க்கிற அதிகாரி இளம் வயதுக்காரர், மரியாதையான மனுஷர். வாயை மூடி நின்ற அம்மாளையும், தலைக்கு மை பூசிய நாறும்பூநாதனையும் பார்த்து, அம்மாவைக் கூட்டிட்டு வந்தீங்களா தம்பி, உட்காருங்க என்றார். நாறும்பூநாதன் மறுக்காமல் உட்கார்ந்தார். இதை அவர் ஆயுள் முழுக்க மறக்கவுமில்லை, வடிவை மறக்க விடவுமில்லை.

தேர்வுக்குக் கொடுத்த தாளில் ஒரு புதுப்பெண்ணின் வசனம் இருந்தது. வடிவு கண்ணாடி அறைக்குள் போய் மைக்குக்கு முன்னால் நின்று வாசித்தாள். அழகான வசனம். ஒவ்வொரு வரியிலும் காற்றுப் போனது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதிகாரி தலையைக் குனிந்துகொண்டார். அது அவர் மரியாதை. அவ்வளவுதான், வரலாம் என்று அடுத்து சொல்லப் போகிறார் என்பது வடிவுக்குத் தெரிந்தது. தாளில் புதுப்பெண்ணுக்கு எதிரே பேசுகிறவள் மாமியார். மாமியார் வசனத்தை எதிரே நின்ற இன்னொரு பெண் வாசித்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா, மாமியாரை எங்கிட்டத் தாங்க. ஒரு தடவ" என்றாள் வடிவு.

அவளுக்கு மாமியாரைத் தேடி எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. நாறும்பூநாதனின் தாயார் கோமதியம்மாள் செத்து எட்டு வருஷமாகிவிட்டது. அந்த அம்மாளுக்கும் பல் கிடையாது. பத்து வருஷம் அதே அடுப்பங்கரையில் அந்தக் குரலைக் கேட்டவள் வடிவு. வாயைக் குவித்து, கீழுதட்டை உள்ளே இழுத்து, ஒவ்வொரு சொல்லையும் மென்று துப்புகிற பேச்சு. தாளில் இருந்ததை வாசித்துவிட்டு, தாளில் இல்லாததையும் நாலு வரி சேர்த்துப் பேசினாள். எதிரே புதுப்பெண்ணாக நின்றவள் சிரிப்பை அடக்க முடியாமல் வசனத்தை விட்டுவிட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதிகாரி எழுந்து நின்றார். கதவுக்கு வெளியே கேட்டுக்கொண்டிருந்த நாறும்பூநாதனின் முகம் போன போக்கை அங்கிருந்த பியூன்தான் பார்த்தான்.

"எங்க அம்மை சண்டையை நிறுத்தி எட்டு வருசமாச்சு. நீ மறுபடி ஆரம்பிச்சிட்டியே, ஏட்டி" என்றார் வெளியே வந்ததும்.

இப்படி ஒரு முதிய குரலுக்குத்தான் தேடிக்கொண்டிருந்தோம், கிராம நிகழ்ச்சியில் வாராவாரம் பேச வேண்டும் என்று அதிகாரி சொன்னார். ஒலிபரப்பில் பெயரை எப்படிச் சொல்லட்டும் என்று கேட்டார். வடிவு கொஞ்சம் யோசித்தாள். செண்பகவடிவு என்று சொன்னால் மறுவாரமே பீர் மைதீன் கடை வாசலில் நின்று தளவாய் கேட்பார்.

"கோமதியம்மாள்னு சொல்லுங்க" என்றாள். கையெழுத்துப் போட்ட இடத்தில் தன் பெயர், ஒலிபரப்பில் புனைபெயர் என்று ஏற்பாடாயிற்று.

மதுரையில் புதுப் பல்செட்டு கட்டிக்கொண்டு திரும்பியவளைப் பார்த்துத் தளவாய், பொன்னுக்கு வீங்கி வந்துபோனதிலிருந்து முகம் களையாக இருக்கிறது என்றார். மேடையில் பழையபடி ராணி வேஷம் வந்தது. வாரம் ஒரு நாள், நாறும்பூநாதனுக்கு ரேடியோவில் ஆர்மோனிய வேலை என்று ஊரில் சொல்லிவிட்டு அவரோடு திருநெல்வேலிக்குப் போய், செட்டைக் கழற்றி ஈரத் துணியில் சுற்றி வைத்துவிட்டு மாமியாராகப் பேசிவிட்டு வந்தாள். நிலையத்தில் அந்த அதிகாரி உட்பட எல்லோருக்கும் அவள் கிழவியல்ல என்று தெரிந்துவிட்டது. அவர்கள் சிரித்துவிட்டு அதோடு விட்டுவிட்டார்கள்.

நிகழ்ச்சியில் வருகிற மாமியார் எதையும் லேசில் ஒப்பாதவள். கிணற்றில் மருந்து போட வந்தவனை விரட்டுவாள், அம்மை குத்த வந்த நர்ஸைக் கேள்வி மேல் கேள்வி கேட்பாள், புது உரத்தை மோந்து பார்த்து மூஞ்சியைச் சுளிப்பாள். கடைசியில் மருமகள் அவளை எப்படியாவது ஒப்ப வைத்துவிடுவாள். ஜனங்களுக்கு அந்தக் கடைசி வேண்டியிருக்கவில்லை, அவள் திட்டுவதுதான் வேண்டியிருந்தது. ஆனாலும் பலன் இருந்தது. கோமதியம்மாளே கையை நீட்டிவிட்டாளாம், பிறகு நமக்கென்ன என்று அம்மை குத்திக்கொள்ளப் பெண்கள் வருவதாக ஜெபமலர் சொன்னார். டீக்கடையில், நெசவுத் தறியில், பஞ்சாயத்துப் பார்க்கில் அந்த அம்மாளின் பேச்சுத்தான். சிலர் எழுபது வயது என்றார்கள், சிலர் எண்பது என்றார்கள். வடிவுக்கு அப்போது நாற்பது. கன்னத்தில் பனங்கற்கண்டு அடக்குவதை மட்டும் அவள் விட்டுவிட்டாள். மிச்சமிருந்த கீழ்ப்பல்லையாவது காப்பாற்ற வேண்டுமே.

மறு வருஷம் சீசன் தொடங்குவதற்கு முன்னால் தளவாய் வீட்டுக்கு வந்தார். கையில் தாம்பூலத் தட்டு. முன்கட்டில் நாறும்பூநாதன் உட்கார்ந்திருந்தார். வடிவு உள்ளே அடுப்படியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். தளவாய் சுற்றி வளைக்கவில்லை. இந்த வருஷம் குற்றாலத்தில் இரண்டு கொட்டகை போடுகிறார்கள், போட்டி பலம். ரேடியோ கோமதியம்மாளை ஒரு தடவை மேடையேற்றிவிட்டால் ஜனம் இங்கேதான் வரும். நாறும்பு ரேடியோ நிலையத்துக்கு வாரந்தோறும் போய் வருகிறவர், அந்த அம்மாளைத் தெரியாமலா இருக்கும்? முடியாது என்றால் தானே நாளைக்குத் திருநெல்வேலிக்குப் போய்க் கேட்கிறேன் என்றார்.

அப்புறம் குரலைத் தணித்து இன்னொன்றும் சொன்னார். ராணிக்கு ராஜபாளையத்துப் பிள்ளையைப் போடலாம் என்று பார்க்கிறேன், வடிவுக்கும் வயசாகுதுல்லா வே.

தணித்த குரலும் அடுப்படிவரை கேட்டது. அடுப்படியில் வடிவு கத்தியைக் கீழே வைத்தாள். தளவாய் திருநெல்வேலிக்குப் போனால் வாசலில் நிற்கிறவனே விஷயத்தைச் சொல்லிவிடுவான். சொல்லிவிட்டால் கிழவி, வாழ்நாள் முழுக்கக் கிழவி. இப்போது வெளியே போய் உண்மையைச் சொன்னாலும் அதே கதிதான். வெளியே போகாமல் பேசலாம். கையைக் கழுவினாள். பல்செட்டைக் கழற்றிச் செம்புத் தண்ணீரில் போட்டாள்.

"யாரு, தளவாயா வந்திருக்காரு?"

முன்கட்டில் தளவாய் எழுந்து நின்றார். தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு இறங்கியது.

"அம்மா இங்கனயா இருக்காவ? வே, சொல்லவே இல்லையே நீரு."

"எனக்கு அம்மை மாதிரில்லா" என்றார் நாறும்பூநாதன். அது பொய்யில்லை, உண்மையும் இல்லை.

"இங்க வந்தா நான் வெளிய வாரதில்ல. அங்கன நின்னே கேளும்" என்றது அடுப்படிக் குரல். "கொட்டகைக்கு வரச் சொல்லுதீரு. வாரேன். ஆனா ராணி வடிவுதான். வேற எவளையாவது கொண்டாந்து நிறுத்தினீருன்னா நான் படியேற மாட்டேன்."

"அப்படியே ஆகட்டும்மா."

"இந்த சீசனுக்கு மட்டும்னு நெனைக்காதயும். நான் நடிக்க வரைக்கும் அவதான் ராணி. ஒப்புதீரா?"

"ஒப்புதேம்மா."

"அப்பம் தட்டை மகன் கையில குடும்."

தளவாய் தட்டை நாறும்பூநாதனிடம் கொடுத்தார். நாறும்பூநாதன் இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அதற்கப்புறம்தான் வடிவு முந்தியில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஒட்டிய வாயோடு நின்று, கோமதியம்மாளின் குரலிலேயே, "மீன் குழம்பு வைக்கேன். சாப்பிட்டுட்டுப் போவும்" என்றாள்.

தளவாய் அவளைப் பார்த்தார், அடுப்படியைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். உள்ளே போய் வேறு யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டும் வந்தார். செம்புக்குள் பல்செட்டு கிடந்தது. தட்டுக்குக் கையை நீட்டினார். நாறும்பூநாதன் தட்டை இன்னும் நன்றாக மடியோடு அணைத்துக்கொண்டார். ஏஜெண்டு கொடுத்த தாம்பூலத்தைத் திரும்ப வாங்கினார் என்று வெளியே தெரிந்தால், நாளைக்கு எந்த ராஜபார்ட்டும் அவரை நம்பி வண்டி ஏற மாட்டான். தளவாய் உட்கார்ந்தார்.

"அப்பம் பொன்னுக்கு வீங்கி?" என்று கேட்டார்.

"பல்லு விழுந்ததுதான் அண்ணாச்சி" என்றாள் வடிவு, தன் குரலில்.

"நான் ஒரு மாசம் இந்தப் பக்கமே வரல, ஏட்டி. மாரியம்மனுக்கு நேந்துல்லா வச்சேன்."

அப்புறம் தொழில்காரராகக் கவலைப்பட்டார். ஜனங்கள் கண்டுபிடித்துவிட்டால் என்ன செய்வது? கண்டுபிடித்தால் போவது தன் வேஷம், அவர் கொட்டகை அல்ல என்றாள் வடிவு. இரண்டு பெயரையும் தனித்தனியாக நோட்டீஸில் போடச் சொன்னாள். இரண்டு பேரும் ஒரே சீனில் வராதபடி நாடகத்தைத் தானே வெட்டி ஒட்டுவதாகவும் சொன்னாள். தளவாய் மீன் குழம்பு இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

முதல் சனிக்கிழமை குற்றாலத்தில் சாரலோடு சாரலாகக் கூட்டம் வந்தது. நோட்டீஸில் 'செண்பகவடிவு ராணியாக' என்று ஒரு வரி. அதைவிடப் பெரிய எழுத்தில் 'வானொலிப் புகழ் கோமதியம்மாள்'. அந்தப் பெரிய எழுத்தைப் பார்த்து வடிவுக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். ஹாஜரா பீவி தடுப்புக்குப் பின்னால் செம்போடு உட்கார்ந்திருந்தாள். ராணி பாடிவிட்டு உள்ளே வருவாள், பல் செம்புக்குப் போகும், பட்டுக்கு மேல் வெள்ளைச் சேலை சுற்றும், தலையில் நரைமுடி ஏறும். அந்த இடைவெளியை நிரப்பப் பபூன் வெளியே நின்று கதை அளப்பான். அவனுக்கும் விஷயம் தெரியாது. ஒரு தடவை அவசரத்தில் பல் இல்லாமல் ராணியாக வெளியே போகப் பார்த்தாள். ஹாஜரா பின்கொசுவத்தைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். அவசரத்தில் மாட்டிய பல் நழுவிவிடுமோ என்று பாட்டுக்குத்தான் பயந்தாள் வடிவு. ராணியின் கடைசிப் பாட்டு முடிந்ததும் கொட்டகையில் எழுந்த சத்தத்தைக் கேட்டு, ஆர்மோனியத்துக்குப் பின்னால் இருந்த நாறும்பூநாதன் தலையை மட்டும் ஆட்டினார். நாற்பத்தொரு வயது ராணியை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அறுபத்தொன்பதாம் வருஷம்வரை அவள் சீசனுக்குச் சீசன் அப்படித்தான் நடித்தாள். ரேடியோவிலும் கோமதியம்மாள் நிற்காமல் திட்டிக்கொண்டிருந்தாள். மற்ற ஏஜெண்டுகளுக்குப் பிற்பாடு தெரிந்தது. அதற்குள் அவள் பழகிப்போன ஆள், யாரும் சட்டம் பேசவில்லை.

அந்த முதல் சனிக்கிழமை நாடகம் முடிந்து, வடிவு ராணி வேஷத்தில் பல்லோடு உட்கார்ந்து முகத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். புளியங்குடியிலிருந்து வந்த எலுமிச்சை வியாபாரி வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் ஒரு பை எலுமிச்சையோடு தடுப்புக்குப் பின்னால் வந்தார்கள். கோமதியம்மாளைப் பார்க்க வேண்டுமாம்.

"அவுக அப்பவே போயாச்சே. வயசானவுகல்லா, கண் முழிக்க முடியாது" என்றாள் வடிவு.

அவர்களுக்கு ஏமாற்றம். பையை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றார்கள். கடைசியில் வடிவிடமே கொடுத்து, அந்த அம்மாளிடம் சேர்த்துவிடச் சொன்னார்கள். அவர்களில் மூத்தவள் வடிவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க ராணியால்லா வந்தீய? நல்லாப் பாடினீய. அந்த ஆச்சிகூட நடிக்கிறது சிரமமா இருக்குமே. வாய் ரொம்பத்தான் நீளுது அவுகளுக்கு."

"பழகிட்டு" என்றாள் வடிவு. "மனசு நல்ல மனசு."

தடுப்புக்கு அந்தப் பக்கம் தளவாய் இருமினார். வெளியே வந்து, அடுத்த சனிக்கிழமை கொஞ்சம் சீக்கிரமே வாருங்கள், இடம் கிடைக்காது என்று அந்தப் பெண்களிடம் சொல்லிக்கொண்டே அவர்களை வண்டிவரை கொண்டுபோய் விட்டார்.